நூற்று முப்பத்தொன்பது சதவீதம்

பர்மா பஜாரில், செத்துப்போன வாட்ச்சுகளுக்கு நடுவே
அந்த இன்ஜின் கிடந்தது.
நாற்பது சைஸ். விரலால் சுற்றினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தது.
பிஸ்டனுக்கு இன்னும் உயிர் இருந்தது.

என்னிடம் இருந்த பிளானோ பதினைந்துக்கு வரைந்தது.
இறக்கை நாற்பத்திரண்டு அங்குலம்.
கப்பல் வராத ஒரு ராத்திரி, கிரேன் கேபினில்,
சம்பளச் சீட்டின் பின்பக்கம்
நாற்பதைப் பதினைந்தால் வகுத்துக் கனமூலம் எடுத்தேன்.
ஒன்று புள்ளி மூன்று ஒன்பது.

வைத்தியநாதன் பாலத்துக்குப் பக்கம் ஃபிளக்ஸ் கடை.
மெஷினில் ரெஜினா.
ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கும்
ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் இடையில்
என் விமானம் வரிசையில் நின்றது.
"நூத்தி நாப்பதா போட்டுக்கவா, ரவுண்டா?"
"வேணாம், முப்பத்தொம்போதே இருக்கட்டும்."
வால் பக்கத்து டீக்கறையும் பெரிதாகி
சாப்பாட்டுத் தட்டளவு வந்தது.
அதை அழிக்கத் தனி சார்ஜ் என்றாள்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

சுருட்டிக் கொடுக்கும்போது கேட்டாள்:
"தெனம் பாஸ்போர்ட் போட்டோவைப் பத்தடி ஆக்குறேன்.
மொகம்தான் பெர்சாவுது. ஆளு பெர்சாவுறானா?"

அவள் சொன்னது வீட்டில், மூன்றாம் மாடியில்,
பிளானைத் தரையில் விரித்தபின்தான் உறைத்தது.
படத்தில் பெருத்திருந்தது பழைய பதினைந்து.
என் நாற்பதை அதன்மேல் வைத்தேன்.
காதும் பொருந்தவில்லை, கழுத்தும் பொருந்தவில்லை.
மூன்று மில்லிமீட்டர் பலகை
நாலு புள்ளி இரண்டு ஆகவேண்டும் என்றது கணக்கு.
அப்படி ஒரு பலகை எந்தக் கடையிலும் இல்லை,
இருந்தாலும் பாரம்.
கோடுகூடத் தடித்துவிட்டது.
கோட்டுக்கு உள்ளே அறுப்பதா, வெளியே அறுப்பதா?
பிளேடை வைத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருந்தேன்.

தூக்குகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.
இருபதடிப் பெட்டி நாற்பதடி ஆனால்
நீளம் மட்டும்தான் கூடும்.
அகலம் அதேதான். தூக்கும் கொக்கியும் அதேதான்.
விமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.
பக்கம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை,
இறக்கைப் பரப்பு இரண்டாகிறது,
எடை மூன்றை எட்டிப்பார்க்கிறது.
எண்ணூர்க் காற்று மட்டும்
நூறு சதவீதத்திலேயே நிற்கிறது.

ஆகவே பலகையை மூன்றிலேயே விட்டேன்.
மூக்கை ஓர் அங்குலம் குறைத்தேன்.
அப்படியும் முகம் குப்புறக் கவிழ்ந்தது.
காசிமேட்டு வலைக்கடையில் ஈயக்குண்டு ரெண்டு வாங்கி
வாலில் செருகினேன். வஞ்சிரம் பிடிக்கிற ஈயம்.

மொட்டைமாடியில் இன்ஜினைக் கிளப்பிய ஞாயிற்றுக்கிழமை
எக்ஸ்பிரஸ் ரோட்டில் விடியற்காலையிலிருந்து நிற்கும்
கன்டெய்னர் லாரிகளின் ஹாரனையும் மீறி அது கத்தியது.
எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய்
புகையோடு புகையாய்ப் போய்
காஞ்சனமாலா அக்காவின் கொடியில் உட்கார்ந்தது.
பள்ளிக்கூடச் சட்டை ஆறு. ஒரு வெள்ளை வேட்டி.
"யோவ், விளக்கெண்ணெய்!" என்றார் அக்கா.
ஆளையும் சொன்னார், பொருளையும் சொன்னார்.
இரண்டும் சரி.

எர்ணாவூர்த் திடலில் அது பறந்தது.
முதல் சுற்றில் இடப்பக்கம் இழுத்தது,
அப்புறம் கேட்டது.
இறங்கும்போது ஒரு சக்கரம் தனியாக ஓடி
முள்ளுக்குள் போனது.
அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.
கை மட்டும் ராத்திரிவரை நடுங்கியது,
முப்பது டன் தூக்கினாலும் நடுங்காத கை.

சட்டைகளுக்கு ஈடாகப் பிளானை அக்காவிடம் கொடுத்தேன்.
நல்ல ஃபிளக்ஸ், மழை தாங்கும்,
கொடிக்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள் என்று.
ஐப்பசி முதல் மழையில் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன்.
கட்டும்போது நான் குத்தின குண்டூசித் துளைகள்
ஒன்றுவிடாமல் ஒழுகிக்கொண்டிருந்தன.
விலா எலும்பு விலா எலும்பாக,
இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை
ஐம்பத்தெட்டு அங்குலத்துக்கு
சொட்டுச் சொட்டாக ஓர் இறக்கை
காய்ந்த துணிகளின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.
டீக்கறை இருந்த இடம் மட்டும்
ஒழுகவில்லை.