பதினேழாம் அறையின் சராசரி

பதிவு நாளன்று மருத்துவ நிலையத்தில்
செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்தார்கள்.
எனக்கு நாற்பத்தெட்டு.
பொகவந்தலாவையிலிருந்து வந்த ரேணுகாவுக்கு ஐம்பத்திரண்டு.
தாதி இரண்டையும் ஒரே நீலப் பேனையால் எழுதினா.

ஐந்தாம் மாதம்
பரமேஸ்வராச் சந்தியில், பாமசி வாசல் மெசினில்
எனக்கு ஐம்பத்தாறு, அவளுக்கு நாற்பத்து நான்கு.
புள்ளிவிபரவியல் படிக்கிறவளுக்கு
உடனே தெரியும்:
அறையின் சராசரி அப்போதும் ஐம்பது,
இப்போதும் ஐம்பது.
எங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

முதல் வாரம் கன்ரீனில் அவள்
"சோறு போதுங்க" என்றாள்.
பின்மேசையில் யாரோ அந்த "ங்க"வை எடுத்து
மேசைக்கு மேசை எறிந்து விளையாடினார்கள்.
அன்றிலிருந்து வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள்.
பேச்சுக்கு ஒரு வாய், சோற்றுக்கு ஒரு வாய் என்று
தனித்தனியாய்த் தந்திருக்கலாம்.

நான்?
முள்ளியவளையில் கணக்கென்றால் என்னைத்தான் கேட்பார்கள்.
இங்கே முதல் சோதனையில் முப்பத்தொன்று.
தாளை நாலாய் மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு
ஒரு மீன் பணிஸ் வாங்கினேன்.
சூடாக இருந்தது.
எத்தனை புள்ளியென்று கேட்கவில்லை.
இன்னொன்று வாங்கினேன்.

இப்போது
விளக்கணைத்த பிறகு
மாரி பிஸ்கட் பக்கெற்றைச் சத்தம் வராமல் பிரிக்கக்
கைக்குத் தெரியும்.
பசியில்லை. பசியை எனக்குத் தெரியும்,
ஐந்து வயதில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான்.
ஆலோசனை அறை மிஸ் அதைக் கேட்டதும்
பேனையை எடுத்தா.
"அது இல்லை மிஸ்" என்றேன்.
அதை எழுதினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.
பிறகு முப்பத்தொன்றை யார் எழுதுவது?

இரவு எட்டு மணிக்கு இரண்டு போனும் அடிக்கும்.
"சாப்பிட்டியா?"
"ஓம் அம்மா" என்பேன்,
எத்தனையாவது தடவையென்று சொல்லாமல்.
"ஆமாம்மா" என்பாள்,
தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தபடி.
இரண்டு அம்மாக்களும் நிம்மதியாய்ப் படுக்கப் போவார்கள்.
ஒருத்தரும் வேறெதுவும் கேட்பதில்லை.
கேட்டால்
என்ன சொல்வதென்று எங்களுக்கும் தெரியாது.

நேற்றிரவு மழைக்குக் கரண்ட் போனது.
இருட்டில் என் கை அவசரப்பட்டது,
பக்கெற் சரசரத்துவிட்டது.
மற்றக் கட்டிலிலிருந்து:
"எனக்கும் ஒன்னு குடுங்க."

அந்த "ங்க" அறைக்குள் அப்படியே நின்றது.
எடுத்து எறிய ஆளில்லை.

கொடுத்தேன்.
கடிக்கிற சத்தம் கேட்க நெடுநேரம் ஆனது.
பிறகு இருட்டுக்குள் ஒரு விரல் என் முழங்கையைத் தேடி வந்து
பாதி பிஸ்கட்டைத் திருப்பித் தந்தது,
ஓரம் ஈரமாக.

லைற் வரும்வரை அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.
தின்னவில்லை.

சரி,
பிறகு தின்றேன்தான்.