தொண்ணூறு நாள்

மாசி முழுக்க ஐரோப்பா
எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது,
நல்லெண்ணெய்ப் போத்தலுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில்.
கொக்குவிலில் வெயில் ஏறுகிற பத்து மணிக்கு
குலநாயகம் தன் கண்ணாடியைத் தேடுவார்.
நான் மடிக்கணினியைத் திறப்பேன்.

முதலில் விழுந்தது பாரிஸ்.
என் தம்பி வரோதயன் இருக்கிற ஊர்.
அவன் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில்
நாங்கள் காசு கொடுத்துத் தங்கினால்
பிறகு செத்தவீட்டுக்கும் வரமாட்டான்.
பேர்ணில் இவருடைய மச்சாள்.
சூரிச்சில் அந்த மச்சாளோடு கதையாத மற்ற மச்சாள்.
ஒஸ்லோ, டோர்ட்முண்ட்,
விரலை எங்கே வைத்தாலும்
ஒரு கலியாணத்துக் கோபம்,
திருப்பிக் கொடுக்காத ஒரு சாப்பாடு.

"அப்ப, ஒருத்தரும் இல்லாத ஊராப் பார்" என்றார்.
அதற்குப் பிறகுதான் வரைபடம் பெரிதானது.

லிஸ்பனில் மேடு. இவருடைய இடது முழங்கால் ஒப்பவில்லை.
திரியெஸ்தேயில் காற்று ஆளையே தள்ளுமாம்.
லுயுப்லியானா என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்து
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

முப்பத்தொரு வருசம் நில அளவைக் கந்தோரில்
படம் கீறியவள் நான்.
இந்த அடுக்குமாடிக்காரர் போடுகிற படம் எதிலும்
வடக்குக் குறி இல்லை.
ஒரு வீட்டின் சுவர் மணிக்கூட்டில் நாலரை,
கதிரையின் நிழல் சுவரில் சாய்ந்திருந்தது.
அதைப் பிடித்து வடக்கைக் கண்டுபிடித்தேன்.
படுக்கையறைக்கு வெயில் அடிக்காது.
குசினிக்குக் காலையில் வரும்.
இரண்டாம் மாடி, லிப்ட் உண்டு, மீன் சந்தை பத்து நிமிடம்.
ஊர், செத்தூபல்.

"பேரிலேயே செத்து இருக்கு" என்றார்.
"பல்லும் இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரி பிலொமேனா
சாமான் பட்டியலைத் தன் மொழியிலேயே அனுப்பியிருந்தாள்.
எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன்:
ஜனேலா, கதைரா, மேஸா, துவால்யா, குஸீன்யா.
கிணற்றடியிலிருந்து இவர் கத்தினார்:
"ஆர் உவள்? எங்கட வீட்டுச் சாமானையெல்லாம்
எங்களுக்கே வாடகைக்கு விடுறாள்?"

உண்மைதான்.
அவளுடைய ஆட்களும் ஒருகாலம்
இங்கே நீண்ட தங்கலுக்கு வந்தவர்கள்.
நாற்பது வருசம் நின்றார்கள்.
வங்கிப் புத்தகம் காட்டவில்லை.
எப்ப திரும்புவீர்கள் என்று
கரையில் நின்று கேட்க எங்களுக்கு முடியவில்லை.
யன்னலையும் துவாயையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

கருவாடு பொரிக்கலாமா என்று எழுதிக் கேட்டேன்.
யன்னலைத் திறந்துவிட்டுப் பொரியுங்கள்,
மேல்வீட்டுக்காரருக்கும் பசிக்கட்டும் என்று பதில் வந்தது.
அன்றைக்கே முற்பணம் கட்டினோம்.

பிறகு விசாப் படிவம்.
திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சான்று இணைக்கவும்.
காணி உறுதி, பென்சன் துண்டு,
மோட்டர் பூட்டிய கிணற்றின் படம்கூட வைத்தார் இவர்.
நான் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன்.
எண்பத்தாறில் வரோதயன் வெளிக்கிட்ட இரவு
அம்மாவிடம் சொன்னதும்
மூன்று மாசம்தான்.
அவனிடம் ஒருத்தரும் சான்று கேட்கவில்லை.
அவன் பொய் சொல்லவுமில்லை என்றுதான்
இப்போது படுகிறது.

தங்குவதன் நோக்கம் என்ற இடத்தில்
சுற்றுலா என்று எழுதினேன்.
நீங்கள் எவடம், ஆற்றை ஆள் என்று
தொண்ணூறு நாள் யாரும் கேளாமல்
ஒரு பாண் வாங்கி வரவேண்டும் என்று எழுத
அந்தப் பெட்டி காணாது.

நேற்று, மதிலுக்கு மேலால் பரிபூரணம் கேட்டா:
"ஐரோப்பாவோ? ஆரிட்டை?"
"ஒருத்தரிட்டையும் இல்லை."
கொஞ்சநேரம் என்னையே பார்த்தா.
"ஐயோ பாவம்" என்றுவிட்டு
நாலு முருங்கைக்காய் பிடுங்கித் தந்தா.