ஐந்தாவது கீப்

ஆவுரிஷ் நீதிமன்றத்திலிருந்து வந்த உறையில்
ஒரு கடிதத்தின் நகல்.
கிரிம்ஸ்பி துறைமுகம், மார்ச் 1947.
ஈனிட் கார்சைடு என்கிற பெண்
ஓக்கோ ச்யாடன் என்கிற மாலுமிக்கு எழுதியது.
ஒன்றரைப் பக்கம், இங்கிலீஷ்.
ஜெர்மனில் பெயர்த்து அடியில் முத்திரை குத்தி
வியாழன் நண்பகலுக்குள் நான் கொடுக்க வேண்டும்.
ஐம்பத்தைந்து தட்டலுக்கு ஒரு வரி என்று கூலி.
எழுத்துக்கு நடுவில் விடும் வெற்றிடத்துக்கும்
காசு உண்டு.

ஈனிட் சொல்லுக்கு அலைபவள் இல்லை.
கையில் கிடைத்த ஒரு வினையை
எல்லாப் பூட்டிலும் போட்டுத் திருகுகிறாள்:
கீப்.

கோழிகளை கீப் செய்கிறாளாம் இப்போது.
சுலபம். ஹால்ட்டன்.
மழை பெய்துகொண்டே இருப்பதும் கீப்.
மழை ஓயவில்லை என்று எழுதினேன்,
வினை நனைந்து கரைந்துபோயிற்று.
சொன்ன சொல்லை கீப் செய்தாளாம்.
அதுவும் ஹால்ட்டன்தான்.
கோழிக்கும் வாக்குக்கும் எங்களிடம்
ஒரே பிடி.
கடிகாரம் நேரத்தை கீப் செய்கிறதாம்,
வாரத்துக்கு ஒரு நிமிடம்தான் பிந்துகிறதாம்.
எங்கள் கடிகாரங்கள் எதையும் வைத்துக்கொள்வதில்லை.
நடக்கும்,
சரியாக நடக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், தனி வரியில்:
ஐ கெப்ட் யுவர் கிளாக்.

பெஹால்ட்டன் என்று போட்டால்
உன் கடிகாரத்தை நான் வைத்துக்கொண்டேன்.
ஆவ்ஃப்பெவாரன் என்று போட்டால்
உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்,
வந்து வாங்கிக்கொள்.
முதலாவது ஈனிடின் பேரனுக்கு.
இரண்டாவது ஓக்கோவின் பேத்திக்கு.
ஹாம்பர்க் ஏலக்கடையில் பித்தளைக் கடிகாரம்
இருவருக்கும் நடுவே, நடந்துகொண்டோ நின்றோ,
தெரியாது.

லேயரில் இருக்கும் இம்கேவைக் கூப்பிட்டேன்.
அவள் எழுதிய மாதிரியே
மங்கலாக எழுதிவிடேன் என்றாள்.
மங்கலாக ஒரு வினை இருந்தால் எழுத மாட்டேனா?
கடிகாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது
என்று எழுதலாமா?
அதை அவள் எழுதவில்லையே.

காலையில் கடைக்குப் போகும்போது பிடித்துப்போன குடை
என்னுடையதல்ல.
மாடி வீட்டு ஹெர் ப்ரூன்ஸ் லூபெக்குக்குக் குடிபோன அன்று
என் நடையில் மறந்து சாத்தியது.
வந்தால் கொடுத்துவிடலாம் என்றுதான்
மூலையில் வைத்தேன்.
ஐந்து வருடம் ஆகிறது.
கைப்பிடி தளர்ந்தபோது
பதினொரு யூரோ கொடுத்துச் சரிசெய்தேன்.
எந்த நாளில், எந்தத் தூறலில்
ஒரு வினை மற்றதாயிற்று?

நகலைத் திரும்பப் பார்த்தேன்.
கிளாக் என்ற சொல்லுக்குப் பின்
பேனா கொஞ்ச நேரம் ஊன்றி நின்றிருக்கிறது,
மிளகளவு மசி.
பிறகு: ஞாயிறுதோறும் சாவி கொடுக்கணும்.
தனக்கே என்று எடுத்துக்கொண்டவள்
இதை எதற்கு அவனுக்குச் சொல்ல வேண்டும்?
எட்டு வருட ஞாயிறுகளைச் சொல்லிக்காட்டுகிறாளோ?

ஆவ்ஃப்பெவார்ட் என்று அடித்தேன்.
அழித்தேன்.
பெஹால்ட்டன் என்று அடித்து, எண் ஒன்று போட்டு,
அடிக்குறிப்பில் மற்றதையும் வைத்தேன்.
மூலச்சொல் இரண்டையும் தாங்கும்,
மொழிபெயர்ப்பாளருக்கு முடிவு தெரியாது.
மூன்று வரிக் கூலி கூடிற்று.
வக்கீல்களின் கண் அடிக்குறிப்புக்கு
இறங்குமா என்பது
என் கையில் இல்லை.

மீதி வேகமாக முடிந்தது.
ஆறாவது கீப், பால் இனித் தாங்காது,
போய்க் காய்ச்ச வேண்டும் என்கிறாள்.
ஏழாவது கடைசி வரியில்,
எந்த அகராதியும் புரட்டாமல் எழுதினேன்:
உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்த உறை
ஓக்கோவின் தையல்பெட்டி அடியில்
பிரிக்காமல் கிடந்ததாம்.
ஓரத்தைக் கிழித்தது போன மாதம்,
நீதிமன்ற எழுத்தர்.
ஏன் பிரிக்கவில்லை என்று
கோப்பில் எங்கும் இல்லை.
இருந்திருந்தால்
அதையும் நான்தான் பெயர்த்திருப்பேன்.

வெளியே தூறல்.
தபாலில் சேர்க்கக் கிளம்பி
மூலையில் கை நீட்டி,
பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன்.