வாவாவில் ரோட் பூட்டு

நெடுஞ்சாலை பதினேழு பூட்டு.
மரதன் ஊர்ப் பக்கம் ஒரு லொறி குறுக்கே படுத்துவிட்டதாம்.
பிராம்ப்டனில் இருந்து ஹர்ஜோத் எழுதுகிறான்:
விடியும்வரை திறக்காது, படு.

படுக்கவில்லை.
டீசல் ஹீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடுகிறது.
இருக்கைக்குப் பின்னால் கால் நீட்டி, போர்வைக்குள் போன்,
ஐம்பது சதம், ஒரு டொலர் மேசை,
ஆறு கதிரை.
நூறு டொலரோடு இருந்தேன்.

சட்பரிக்காரன் ஒருவன் இருந்தான்.
எவ்வளவு கேட்டாலும் கட்டுவான்.
ஏழும் இரண்டும் பிடித்துக்கொண்டு
கடைசிச் சீட்டு மட்டும் கூடவே வருவான்.
வெறியில் இருந்திருப்பான்,
அல்லது அவனுக்கும் எங்கேயோ ரோட் பூட்டு.
பதினொன்றரைக்கு என் முன்னால் இருநூற்றுப் பதினாலு.

அவன் எழும்பிப் போனான்.
மிச்சம் ஐந்து பேர், ஐந்தும் என்னைப்போல:
பொறுமைசாலிகள், நித்திரை கெட்டவர்கள்.
ஒருவர் பொக்கற்றுக்குள் ஒருவர் கைவிட்டுக்
காற்றை எடுத்துக்கொண்டிருந்தோம்.
மேசைக்காரனுக்கு மட்டும் கைக்குக் கை கூலி.

அப்போதே எழும்பியிருக்க வேண்டும்.
மேசை நல்லாய் இருந்தது அவனாலே.
நான் என்னாலே என்று நினைத்தேன்.

வண்டியில் ஒரு பெட்டி இருக்கிறது.
பதின்மூன்று மணித்தியாலம் ஓடினால் சிவக்கும்.
கண் எரியவில்லை, இன்னும் நூறு கிலோமீட்டர்தானே என்று
அதனோடு நியாயம் பேச ஏலாது.
சீட்டுக்கு என்னிடம் பெட்டி இல்லை, வாய்தான்.
இருநூறில் எழும்புவேன் என்றது வாய்.
இருநூறு வந்ததும் இருநூற்றைம்பது என்றது.
நூற்றெண்பதுக்கு இறங்கியபோது
திரும்ப இருநூறு வரட்டும் என்றது.

பக்கத்து இலைக்காரர் கை கழுவ முன்னம்
பந்தியில் எழும்பக்கூடாது என்று வளர்ந்த உடம்பு வேறு.
வென்ற காசோடு நழுவினால்
அந்த ஐந்து பேரும், முகமே தெரியாதவர்கள்,
என்ன நினைப்பார்கள்?

ஒன்று இருபதுக்கு இரண்டு ராணி வந்தது.
நடுவில் ஆசு விழுந்தது.
இரவு முழுக்க ஒரு பொய்யும் சொல்லாத திமின்ஸ்காரி
இருந்ததெல்லாம் முன்னுக்குத் தள்ளினாள்.
அவளிடம் ஆசு.
எனக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டே கட்டினேன்,
வெல்ல இல்லை,
ஒருக்கால் முடிந்து தொலையட்டும் என்று.

மிச்சம் எண்பத்தொன்பது.
இன்னும் போடவா என்று ஒரு பச்சைப் பொத்தான் மினுங்கியது.

எங்கள் சனம் எந்த வீட்டிலும் ‘போறன்’ என்று சொல்லாது,
‘போயிட்டு வாறன்’ என்றுதான்.
சொல்லாமல் எழும்பி நடப்பது
செத்த வீட்டில் மட்டும்.

வெளியே, ரோட்டோரம்,
ஆளைவிடப் பல மடங்கு உயர இரும்பு வாத்து ஒன்று
பனிக்குள் நின்று ஊரின் பெயரைச் சொல்கிறது:
வா வா, வா வா.
பாவம், அதற்குத் தமிழ் தெரியாது.

பிளைண்ட் என்னிடம் வர இன்னும் இரண்டு கை.
‘வாறன்’ என்று வந்ததை
உதட்டில் கடித்துக்கொண்டு எழும்பினேன்.

திரை அணைந்த பிறகுதான் பார்த்தேன்,
இரண்டு காலும் விறைத்துப்போய்.
ஹீட்டர்
எப்போது நின்றதோ.