தாளில் இல்லாத மேற்கு

டிராம் என்று பெயர். தண்டவாளம் கிடையாது.
பழைய லாரியின் முதுகில் மரப்பலகை அடித்து
பச்சை பூசி, பித்தளை மணி தொங்கவிட்டது.
மணி மட்டும் நிஜம். கயிற்றை இழுத்தால்
சவான்னாவின் புறாக்கள் எல்லாம் எழுந்து
அதே இடத்தில் திரும்ப உட்காரும்.

நான் ஒடெஸா குவார்ட்டர்மன். சட்டையிலும் குத்தியிருக்கிறது.
பதினாறு நிறுத்தம், தொண்ணூறு நிமிடம்,
நாளைக்கு நான்கு சுற்று.
இடப்பக்கம் பாருங்கள், பருத்தி வியாபாரியின் மாளிகை.
வலப்பக்கம் பாருங்கள், அவன் மைத்துனன்
வீம்புக்கு அதைவிடப் பெரிதாய்க் கட்டியது.
இங்கே சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நான்கு தடவை.
ஓக் மரத்துத் தாடிப்பாசியைப் பிய்க்காதீர்கள்,
உள்ளே பூச்சி. பையில் அடைத்துக்கொண்டு போய்
ஒஹாயோவில் சொறிந்தபடி என்னைத் திட்டாதீர்கள்.

இருட்டினால் இதே வண்டிக்குக் கறுப்புத் திரை.
பேய்ச் சுற்றுலா. டிப்ஸ் அதிகம்.
கம்பெனி கொடுத்த தாளில் ஒன்பது பேய்கள்,
ஒன்பதுக்கும் சொந்த வீடு, பியானோ, வளைந்த மாடிப்படி.
அடுக்களைத் தரையில் படுத்துச் செத்தவர்களுக்கு
நின்று பயமுறுத்த
ஒரு படிகூட வாய்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் சுற்று.
லிபர்ட்டி தெருவில் குழாய் வெடித்து முழங்கால் தண்ணீர்.
போலீஸ்காரர் கையை மேற்கே காட்டினார்.
தாளில் மேற்கு இல்லை.

மேம்பாலத்தின் அடியில் மைக் கொரகொரத்து அடங்கியது.
முப்பத்தொரு கழுத்துகள்
எந்தப் பக்கம் திரும்புவது என்று காத்திருந்தன.
சலவைக்கடை. டயர்கடை. பூட்டிய பள்ளிக்கூடம்.
எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை,
பாதிக் கூரையில் நீலத் தார்ப்பாய்.
"இடப்பக்கம்…" என்று பழக்கத்தில் திறந்த வாயை
மூடத் தெரியாமல் மணியை அடித்தேன்.

அடுத்தது என் தெரு.
வேண்டுமென்று போகவில்லை. இவ்வளவு நீள வண்டி
வேறு சந்தில் திரும்பாது.

வாசற்படியில் அக்கா மகன் டெவான்ட்ரே,
மடியில் கழற்றிப்போட்ட சைக்கிள் சங்கிலி.
கொடியில் பூப்போட்ட விரிப்பு, இன்னொரு பச்சைச் சட்டை,
என் உள்ளாடைகள்.
கைபேசிகள் எழுந்தன.
வைக்கோல் தொப்பி அம்மாள் கேட்டாள்:
"இது எந்தக் காலத்து வீடு?"

தாள் பேசும் அதே குரலில் சொன்னேன்:
"சுவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு.
கூரை, போன சனிக்கிழமை.
அதன் கடன், இன்னும் இருபத்திரண்டு மாதம்."
"உள்ளே பேய் உண்டா?"
"வாடகை கொடுத்தால் வரட்டும்."
சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லை.

டெவான்ட்ரே சிரிக்கவில்லை. கையும் அசைக்கவில்லை.
மெல்ல எழுந்து கொடிக்குப் போய்
விரிப்பை இழுத்து
உள்ளாடைகளின் மேல் போர்த்தினான்.
போர்த்திவிட்டு அங்கேயே நின்றான்,
வண்டி முனை திரும்பும்வரை.

பதினோரு நிமிடம். பிறகு சதுக்கம் வந்தது,
நீரூற்று வந்தது,
தாள் என் வாயைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

சாயங்காலம் மேலாளர் ஹாலிஸ் வாயெல்லாம் பல்.
"யாரோ ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், ஒடெஸா.
மேற்குப் பகுதிதான் அசலாம்.
சேர்த்துவிடுவோமா, பதினேழாவது நிறுத்தமாக?"

"அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை" என்றேன்.
இந்த வேலையில் நான் சொன்ன பொய்களில்
நானே எழுதியது அது ஒன்றுதான்.

வீட்டில் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது.
எடுக்கும் முன் தெருவை
இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன்.
விரிப்பின் ஓரத்தில் சங்கிலி எண்ணெய்,
அவன் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக.
சோப்புக்குப் போகாது.