மூப்பர், வயது பத்தொன்பது

சட்டைப் பையில் குத்திய கறுப்பு வில்லையில்
என் பெயர் மூப்பர் ஜெப்சன்.
மூப்பு இன்னும் மோவாயைக்கூட எட்டிப் பார்க்கவில்லை,
வாரம் ஒருமுறை சவரம் போதும்.
கூட்டாளி மூப்பர் திகோனா, பெருக்காரன்,
என்னைவிட நான்கு மாதம் இளையவன்.
ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர்
விலகக் கூடாதென்பது விதி.
கழிப்பறைக் கதவு மட்டும் விலக்கு.
தூக்கத்தில் அய்மாரா மொழியில் யாரையோ திட்டுவான்.
காலையில் கேட்டால், ஆட்டை என்பான்.

கெயோன், சிலியின் தீவொன்றின் கடைசி ஊர்.
நெடுஞ்சாலை இதற்குமேல் போக மனமின்றி
கடலோரம் நின்றுவிட்டது.
மழை இங்கே செய்தியல்ல.

திங்கள் ஓய்வு நாள், அதாவது துவைக்கும் நாள்.
ஐந்து வெள்ளைச் சட்டைகள்,
ஐந்தின் கழுத்துப்பட்டியிலும் விறகுப் புகை.
அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில்
கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்,
யாரும் கதவு திறக்காத ஐந்து மூப்பர்கள்.

பிறகு ஐடஹோவிலிருந்து அம்மா திரையில் வருவாள்.
முதல் மாதம் அவள் அழுதாள்,
ஐந்தாம் மாதம் நான்.
இப்போது என் குரல் நாய்க்கு மறந்துவிட்டதா என்று
இருவரும் சோதித்துப் பார்க்கிறோம்.
அப்பா ஓரமாக வந்து, "சாப்பாடு?" என்பார்.
"ஆச்சு" என்பேன்.
எங்களுக்குள் அவ்வளவுதான் விளையும்.

செவ்வாய் முதல் சனி வரை கதவுகள்.
திரைச்சீலை அசையும், தாழ்ப்பாள் அசையாது.
"நான் கத்தோலிக்கன், என் பூனையும் கத்தோலிக்கம்"
என்றார் ஒரு படகுக்காரர்.
சில வீடுகளில் உட்காரச் சொல்லித் தேநீர் ஊற்றுவார்கள்.
எங்களுக்குத் தேநீர் ஆகாது.
சொட்டச் சொட்ட நனைந்து வந்தவன்
சூடான கோப்பையை மறுக்க
எந்த மொழியிலும் மரியாதையான சொல் இல்லை.

ஞாயிறு இரவு கணக்கு அனுப்ப வேண்டும்:
எத்தனை பேருக்குப் போதித்தோம்,
எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள்,
ஞானஸ்நானத்துக்கு எத்தனை பேர் சம்மதம்.
சுழியம் போட்டுப் போட்டு
என் கையெழுத்தில் அதுதான் இப்போது அழகு.

மார்ச் கடைசியில் ஒரு புதன்.
எதெல்மிரா அம்மாள், புகைபோட்ட சிப்பி விற்பவள்,
இருமுறை எங்களைத் துரத்தியவள்.
மூன்றாம் முறை வாயைத் திறக்கவிடவில்லை,
மண்வெட்டியை நீட்டினாள்.
மகனுக்கு சால்மன் ஆலையில் இரவு வேலை.
தோட்டத்தில் உருளை தோண்ட ஆளில்லை.

கழுத்துப்பட்டையைக் கழற்றி ஈரத்தில் மண்டியிட்டேன்.
"ஜெபத்துக்கு மட்டும்தான் இப்படி உட்காருவீர்களாக்கும்
என்று நினைத்தேன்" என்றாள்.
எங்கள் ஊரில் உருளை அறுவடைக்குப்
பள்ளிக்கூடத்தையே மூடுவார்கள்.
பன்னிரண்டு வயதிலிருந்து கைக்குத் தெரிந்த வேலை.
ஆனால் எங்கள் உருளைக்கு ஒரே முகம்,
ஆலை கேட்கும் நீளம், ஆலை கேட்கும் பழுப்பு.
இவள் மண்ணிலோ
கோணல் விரல்கள், கறுப்பு முடிச்சுகள்,
அறுத்தால் உள்ளே ஊதா வளையம்.
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூடையில் போட்டாள்.
உருளை பிறந்தது பெருவிலா இந்தத் தீவிலா என்று
அவளும் திகோனாவும் போட்ட சண்டையில்
தேவதூதனே இறங்கி வந்திருந்தாலும்
பேச இடம் கிடைத்திருக்காது.
மாலையில் தேநீர் தரவில்லை,
வெந்நீரில் சர்க்கரை போட்டுத் தந்தாள்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிறு வாடகைக் கூடத்தில் பதினொரு பேர்.
அவள் வரவில்லை.
நகக்கண்ணில் கறுப்போடு ரொட்டியைப் பிட்டேன்.
கணக்குத் தாளில் உருளைக்குக் கட்டம் இல்லை,
சுழியம் போட்டேன்.

திங்கள், அப்பாவிடம் சொன்னேன்.
அங்கே விதைக்கும் காலம் நெருங்குகிறது.
"மண் என்ன நிறம்?" என்றார்.
"அழுகல் உண்டா? காட்டு."
அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.
கோணல் ஒன்றைத் திரைக்கு முன் பிடித்தேன்.
"கட்டைவிரலால் தேய். தோல் உரிகிறதா?"
தேய்த்தேன்.
மழை தகரத்தில் அடித்தது, படம் உறைந்தது,
பாதி திறந்த வாயோடு அவர் முகம்.
"உரியலை" என்றேன், கேட்டதோ என்னவோ.
வெகுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது:
"முற்றிவிட்டது. குளிர் தாங்கும்."