பூச்சிய நிரல்

முறுக்கேக்க ஒண்டுமில்லை, என்றான் றெமீஜியஸ்.
கையை விட்டால்தான் வெடிக்குது.

குருநகரிலிருந்து வேலணைப் பள்ளிக்கூடத்துக்கு
நாளுக்கு இரண்டு தரம் பண்ணைப் பாலம்.
பாலம் தொடங்குமிடத்தில் சோதனைச் சாவடி.
அங்கே எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள்.
இவன் குறைத்தால்
பின்குழாயில் பட், படார்.
போன செவ்வாய், மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற பெடியன்
குனிந்துவிட்டானாம்.
நானும் குனிஞ்சன், என்றான்,
ஓடினது நான்தான், எண்டாலும்.

முதலில் சைலன்சர் மூட்டுக்குச் சவர்க்காரத் தண்ணி பூசினேன்.
குமிழி இல்லை.
பிறகு சீற்றைக் கழற்றினேன்.
பற்றரிக்குப் பக்கத்தில் கறுப்பு ரேப் சுற்றித்
தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி:
எஞ்சினுக்கும் அதன் மூளைக்கும் நடுவில்
கொழும்பில் யாரோ செருகிவிட்ட தரகன்.
இவ்வளவு பெற்றோல் என்று மூளை சொல்ல
இவன் கூட்டிச் சொல்வான், குறைத்துச் சொல்வான்.

லப்டொப்பில் கட்டம் கட்டமாய் எண்கள்.
நூறு வீத நிரலை ஆசையாய்ச் செதுக்கியிருக்கிறார்கள்.
எண்பது, அறுபது, அதிலும் கவனம்.
இடது ஓரத்தில், கையை விட்ட பிறகான நிரலில்
மேலிருந்து கீழ்வரை மைனஸ் பன்னிரண்டு.
பெற்றோல் மிச்சம் பிடித்த கெட்டித்தனம்.
பட்டினி போட்டால் உள்ளே தீ பற்றாது.
பற்றாதது வெளியே போய்ச்
சூட்டுக் குழாயில் பற்றும்.

மைனஸ் ஆறு. வெடி.
மைனஸ் இரண்டு. இருமல்.
பிளஸ் ஒன்பதுக்குப் போனேன்,
வேகம் இறங்க மாட்டன் என்றது,
போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப்
படலையில் நின்று கதைக்கிற ஆள் மாதிரி.
ஐந்துக்குத் திரும்பி வந்தேன்.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு விட்டேன்.
இரு பக்கமும் பரவைக்கடல். சோளகம் முகத்தில்.
போய்த் திரும்பி வருகையில்
சாவடிக்கு நூறு யார் முன்னால், ஐயாயிரத்தில்,
கையை விட்டேன்.

சங்கிலிச் சத்தம்.
ரயருக்கடியில் சல்லி.
என் முதுகில் றெமீஜியசின் ஹெல்மெற் இடித்தது,
பழக்கத்தில் குனிந்திருக்கிறான்.

பெடியன் மூட்டைக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
அக்கா, பைக் மாத்தினதா?
ஒரு நிரல்தான் மாற்றினேன் என்று
எந்த மொழியில் அவனுக்குச் சொல்வது.
ஓம், என்றேன்.

மூவாயிரம் கேட்டேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு தந்தான்.
நாலாயிரத்து இருநூற்றைம்பதில் இன்னும் ஒரு சின்னப் பட் இருக்கு.
அது அந்த ஐந்நூறு.